புதுப்பிப்பு: இரண்டு சூப்பர்வைசர் கார்டு இருந்தும் சுவிட்ச் ஏன் நின்றது

எங்கள் நெட்வொர்க்கின் மைய சுவிட்சான கோர் சுவிட்சில் ஆக்டிவ் சூப்பர்வைசர் (சுவிட்சை இயக்கும் கட்டுப்பாட்டு கார்டு) செயலிழந்தபோது, மாற்றாகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை கார்டு உடனே பொறுப்பேற்காமல், லைன் கார்டுகள் (போர்ட்கள் உள்ள கார்டுகள்) எல்லாம் ரீலோட் ஆகின என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

மாற்றாக வந்த ஸ்டாண்ட்பை கார்டில் பழைய மென்பொருள் பதிப்பு இருந்தது. இரண்டிலும் ஒரே பதிப்பு இல்லாததால் சுவிட்ச், ஸ்டாண்ட்பை முழுத் தயாராக இருக்கும் எஸ்எஸ்ஓ முறையை விட்டு, அதைவிட மெதுவான ஆர்பிஆர் முறைக்கு இறங்கிவிட்டது. அந்த நிலையில் ஸ்டாண்ட்பை பாதி பூட் ஆகித்தான் காத்திருக்கும். போர்ட் நிலை, மேக் அட்டவணை (எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) எதுவும் அதற்குத் தெரியாது. கார்டின் விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. 'ஷோ ரிடண்டன்சி' கட்டளை கொடுத்தால் 'ஸ்டாண்ட்பை ஹாட்' என்று வரவேண்டும், எங்களுக்கு 'ஸ்டாண்ட்பை கோல்ட்' என்றுதான் வந்தது.

பதிப்பைச் சமப்படுத்தினோம், ஹாட் வந்தது. அப்புறம் பராமரிப்பு நேரத்தில் வேண்டுமென்றே பொறுப்பை ஸ்டாண்ட்பைக்கு மாற்றிப் பார்த்தோம். லேயர் 2 போக்குவரத்து (மேக் முகவரி வழியாகச் செல்வது) கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனால் ரவுட்டர்கள் வழித்தகவலைப் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையின் அண்டை உறவு அறுந்தது! அண்டை ரவுட்டர்களில் டெட் டைமரை (ஹலோ செய்தி வராமல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற வரம்பு) மிகக் குறைவாக வைத்திருந்தார்கள். புதிய சூப்பர்வைசர் பேச ஆரம்பிக்கும் முன்பே அவை உறவை முறித்துக்கொண்டன. ஹலோ 10, டெட் 40 நொடி என்ற இயல்பு மதிப்புக்கு மாற்றி, இருபுறமும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (மறுதொடக்கத்தின்போதும் வழிகளை விடாமல் வைத்திருக்கும் வசதி) இயக்கிய பிறகு ரூட்டிங் தாங்கியது.

இன்னொன்று: மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கும் கன்சோலுக்கும் இரண்டு கார்டிலும் கேபிள் போடுங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால், மாறிய பிறகு உள்ளே நுழைய வழியிருக்காது. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.