ஆள் எடுக்கும்போது இனம், சாதி, கஷ்டப்பட்ட அனுபவம்: இதற்கெல்லாம் மார்க் உண்டா?

கேள்வி – காரைக்குடி எச்ஆர்

வணக்கம். காரைக்குடியில் மெடிக்கல் பில்லிங் அலுவலகம், 60 பேர் இருக்கிறோம். நைட் ஷிஃப்டுக்குப் புதிதாக 12 பேர் எடுக்க வேண்டும். அமெரிக்க கிளையன்ட் ஒரு பன்முகத்தன்மைப் படிவம் அனுப்பி, ஊழியர்களின் இனம் என்ன என்று கேட்டிருக்கிறார். எங்கள் 60 பேரும் ஒரே கட்டத்தில்தான் வருவார்கள்.

ஒரு பார்ட்னர், "இனத்துக்குப் பதிலாகச் சாதியைக் கேட்டு, ஒடுக்கப்பட்ட சாதிக்கு இன்டர்வியூவில் 10 மார்க் கூடக் கொடுப்போம்" என்கிறார். இன்னொருவர், "சாதிப் பேச்சே வேண்டாம், கஷ்டப்பட்டு வந்தவரா என்று பார்த்து மார்க் போடுவோம்" என்கிறார். எது முறை? நடைமுறையில் எப்படிச் செய்வது?

பதில் 1 – தேவகோட்டை வக்கீல்

அந்தப் படிவத்தின் கட்டங்கள், அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் கம்பெனிகள் அரசுக்குக் கொடுக்கும் ஆண்டு அறிக்கையில் இருப்பவை. இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் அதில் 'ஆசியர்'. அந்த அறிக்கையைக் கேட்கும் அமெரிக்கச் சட்டம் காரைக்குடியில் இந்தியக் கம்பெனியில் வேலை பார்க்கும் இந்தியருக்குச் செல்லாது. கிளையன்ட் கேட்பது ஒப்பந்தத்தின் பேரில்தான். 'பொருந்தாது' என்று எழுதிவிட்டு, ஆள் எடுப்பதில் நீங்கள் செய்திருக்கும் மாற்றங்களைத் தனித்தாளில் கொடுங்கள்.

பன்முகத்தன்மை என்றால் இனத்துக்குக் கூடுதல் மார்க் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவிலேயே அது செல்லாது. 1964 சிவில் உரிமைச் சட்டம், இனத்தை வைத்து வேலை கொடுப்பதையும் மறுப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. 'இந்த வேலைக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்' என்ற விதிவிலக்கு பாலினம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றுக்கு உண்டு, இனத்துக்குக் கிடையாது. 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில், பெரும்பான்மைப் பிரிவினர் வழக்குப் போட்டாலும் அதே அளவுகோல்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

உங்கள் இரண்டாவது பார்ட்னர் சொல்வதற்கு 2023 ஹார்வர்டு தீர்ப்பில் ஒரு பிடி இருக்கிறது. அது கல்லூரி அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்த தீர்ப்பு. தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதலாம், அதிலிருந்து தெரியும் துணிவையும் உறுதியையும் கல்லூரி மதிக்கலாம் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். தடுத்ததைக் கட்டுரை வழியாகத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னார்.

நம் ஊரில் இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் அரசியலமைப்பின் 16(4) பிரிவு அரசு வேலைக்கு. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடும் தனியார் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும். சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட்டிருக்க வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ என்றால் அவர்களுக்கு ஏற்ற பணியிடங்களையும் அதில் குறிக்க வேண்டும். அதை முதலில் முடியுங்கள்.

பதில் 2 – புதுவயல் ரெக்ரூட்டர்

இரண்டு பார்ட்னரும் இன்டர்வியூ மேசையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆள் கழிந்து போவது அதுக்கு முந்தியே.

விளம்பரத்தில் "10, பிளஸ் டூ, டிகிரி மூணுலயும் 60 சதவீதம், அரியர் கூடாது, படிப்பில் இடைவெளி கூடாது" என்று போட்டிருப்பீர்கள். பில்லிங் வேலைக்கும் பத்தாவது மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? 1971ல் கிரிக்ஸ் வழக்கு இதே கேள்விதான். வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனி பள்ளிப் படிப்பும் இரண்டு பொதுத் தேர்வும் கேட்டது. கறுப்பின ஊழியர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி அப்படி ஒரு பிரிவை வெளியே தள்ளினால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் தப்பு என்றது தீர்ப்பு.

அடுத்தது, தெரிஞ்சவங்க மூலமா வர்ற ஆள். இருக்கிற 60 பேர் எந்தத் தெருவோ, வரப்போகிற 12 பேரும் அந்தத் தெருதான். ரெஃபரல் போனஸை இந்த ரவுண்டுக்கு நிறுத்திவிட்டு, அரசு கலைக் கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லுக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

மூணாவது, ஆளை ஏற்றி இறக்கும் கேப் வண்டி. "காரைக்குடி டவுனுக்குள் மட்டும்" என்று ஒரு வரி போட்டாலே கல்லல், சாக்கோட்டை, பள்ளத்தூர் பெண்கள் விண்ணப்பமே போட மாட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் ஏது பஸ்? 12 பேருக்கு இரண்டு ரூட் கூட்டுவது, நீங்கள் யோசிக்கும் அந்த 10 மார்க்கைவிட அதிகம் வேலை செய்யும்.

நாலாவது, விண்ணப்பப் படிவம். 2004ல் வெளியான ஆய்வுக்காக, பொருளாதார ஆய்வாளர்கள் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் இருவரும் பாஸ்டன், சிகாகோ கம்பெனிகளுக்குப் பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பம் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதல் அழைப்பு. தோரட், அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் இதையே இந்தியாவில் செய்து 2007ல் வெளியிட்டபோது, ஒரே தகுதி இருந்தும் தலித் பெயருக்கு அழைப்பு வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நம் பக்கம் பெயருக்குப் பின்னால் சாதி எழுதுவதில்லை, இனிஷியல்தான். அதனால் தெருப் பெயரும் அப்பா தொழிலும் அந்த வேலையைச் செய்கின்றன. முதல் கட்டத்தில் இரண்டையும் எடுத்துவிடுங்கள், போன் நம்பர் போதும். "எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று ஆரம்பிக்கும் ஆளை இன்டர்வியூவில் உட்கார வைக்காதீர்கள். அன்பாகக் கேட்டாலும் கிடைக்கிற தகவல் அதுதான்.

பதில் 3 – கல்லல் மீனா

புதுவயல் அண்ணன் சொன்ன நாலும் சரி. ஆனால் சாதியையே பார்க்காமல் விட்டால், திருத்தினது வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? தனி ஃபார்மில் வாங்குங்கள். விருப்பம் இருந்தால் மட்டும், 'சொல்ல விருப்பமில்லை' என்ற கட்டத்தோடு. இன்டர்வியூ எடுப்பவர் கையில் அது போகவே கூடாது. சாதிப் பிரிவு, தமிழ்வழிக் கல்வி, முதல் பட்டதாரியா, இந்த மூன்று போதும். முதல் பட்டதாரிக்குத் தாசில்தார் அலுவலகச் சான்றிதழ் உண்டு என்றாலும் அதைக் கேட்காதீர்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள், தங்கச்சி கழிந்து போவாள்.

கணக்கு இப்படி. தமிழ்வழியில் 40 பேர் விண்ணப்பித்து 12 பேர் டெஸ்டைத் தாண்டினால் 30 சதவீதம். ஆங்கிலவழியில் 20க்கு 10 என்றால் 50. 30ஐ 50ஆல் வகுத்தால் 0.6. அமெரிக்காவின் 1978 வழிகாட்டுதலில் 0.8க்குக் கீழே போனால் அந்தப் படியைச் சோதிக்க வேண்டும். 12 பேர் தேர்வில் ஒரு ஆள் மாறினாலே எண் புரண்டுவிடும், ஆகவே ஒரு வருஷத்து விண்ணப்பங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் கிளையன்டுக்கு அனுப்பாதீர்கள், யார் என்று தெரிந்துவிடும்.

கஷ்டத்துக்கு மார்க் என்பதை நான் முழுசா எதிர்க்கிறேன். வேலைக்கு வந்த பிள்ளை எதற்கு முன்பின் தெரியாத மூணு பேர் முன்னால் தன் வீட்டு அவமானத்தைச் சொல்ல வேண்டும்? நன்றாகச் சொல்லத் தெரிந்தவருக்கு மார்க் போகும், வாய்விட்டுச் சொல்லாதவருக்குப் போகாது.

காரைக்குடி எச்ஆர்

நன்றி மேடம். அப்படியானால் அனுபவத்துக்கு இடமே இல்லையா? டெஸ்ட் எப்படி வைப்பது?

பதில் 4 – புதுவயல் ரெக்ரூட்டர்

இடம் உண்டு, அது வேலையோடு ஒட்டியிருக்க வேண்டும். 12 பேரோ 120 பேரோ, எல்லாரிடமும் ஒரே கேள்வி: "புரியாத ஒரு படிவத்தையோ நின்றுபோன ஒரு விண்ணப்பத்தையோ எப்படி முடித்தீர்கள்? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்." பொதுவாகப் பேசினால் 1. படிகளைச் சொன்னால் 3. எங்கே மாட்டியது, ஏன், எப்படிச் சரிசெய்தார் என்றும் சொன்னால் 5. அப்பா அம்மாவுக்கு இ-சேவை மையத்தில் நின்று ஸ்காலர்ஷிப், பட்டா எல்லாம் வாங்கிக் கொடுத்த பிள்ளை இதில் தானாக முன்னுக்கு வரும். நின்றுபோன இன்ஷூரன்ஸ் கிளெய்மை விரட்டுவதும் அதே திறமைதானே. சாதியும் சொல்ல வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். தமிழில் சொல்லட்டும்.

டெஸ்டுக்கு 30 நிமிஷம், நிராகரிக்கப்பட்ட 10 கிளெய்ம். கூடவே குறியீட்டு விளக்கம் ஒரு பக்கம்: 16 என்றால் விவரம் குறைவு, 18 என்றால் இரட்டைப் பதிவு, 29 என்றால் கெடு தாண்டியது. அடுத்து என்ன செய்வது என்று எழுத வேண்டும். போன் டெஸ்டில் 5 நிமிஷ ஆடியோ, பெயர், பிறந்த தேதி, கிளெய்ம் நம்பர் சரியாகக் குறித்தாரா என்பதற்கு மட்டும் மார்க். உச்சரிப்புக்கு மார்க் வைத்தால் கான்வென்ட் பிள்ளைகளைத்தான் எடுப்பீர்கள்.

இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போட்டு, போட்ட பிறகுதான் பேச வேண்டும். சாக்கெட் குழுவின் 2022 ஆய்வில், வேலைத் திறனோடு ஒத்துப்போவதில் முறைப்படுத்திய இன்டர்வியூ 0.42 (1 என்றால் முழுப் பொருத்தம்), இஷ்டத்துக்குப் பேசும் இன்டர்வியூ 0.19. அனுபவ வருஷக் கணக்கு வெறும் 0.07. அதனால் "2 வருஷ அனுபவம்" என்ற வரியையும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.