பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கைக்குத் தமிழ்நாட்டிலிருந்து அரிசி போன 2022-இல் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கீரிப்பாறை ஆசிரியை:
அந்த மே மாதத்தில் முதலமைச்சர் விடுத்த வேண்டுகோளை ஏற்று, எங்கள் பள்ளியின் சார்பில் வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினோம். 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் என்ற கணக்கெல்லாம் அனைவரும் அறிந்ததே. ரப்பர் கழகக் குடியிருப்பில், மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய குடும்பத்துப் பாட்டி ஒருவர், பல்லாண்டுகள் ரப்பர் பால்வெட்டி ஓய்ந்தவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே, "டீச்சர், இந்த அரிசி லயத்துக்கு ஏறுமா, இல்ல கொழும்போட நின்னுடுமா?" என்று கேட்டார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவருடைய தங்கை இன்னும் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாராம். எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்ததைக் கண்ணால் கண்டவர் இந்தப் பாட்டி. "ஏறும், பாட்டி" என்றேன். எனக்கு அப்போது அது தெரியாது. ரசீதில் அவர் பெயரை எழுதியபோது கை தயங்கியது.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கியாளர்:
ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். உங்கள் பதிவைப் படிப்பவர்கள், இந்தியா அனுப்பியது முழுவதும் தானம் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டின் அரிசி நன்கொடை. ஆனால் அந்த ஆண்டில் இந்தியா அளித்த ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியில் பெரும்பகுதி கடனும், மத்திய வங்கிகளுக்கிடையிலான நாணயப் பரிமாற்றமும், தவணை நீட்டிப்புமே. எரிபொருளுக்கு 50 கோடி டாலர், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் என்று அளித்த கடன் வரம்பில், பணம் கொழும்புக்குப் போவதே இல்லை. சரக்கு அனுப்பும் நம் நாட்டு வணிகருக்கு நம் வங்கியே கொடுத்துவிடும். கடன் இலங்கை அரசின் பெயரில் ஏறும். இதன் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு கோட்டாறு வற்றல் வியாபாரியால்தான். அந்த ஏப்ரலில் அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சரக்குக்குப் பணம் தருவதாகக் கொழும்பு வங்கி கொடுத்த கடன் உறுதிக் கடிதத்தை மடியில் விரித்து, "அண்ணாச்சி, சரக்கு அங்கே துறைமுகத்தில் கிடக்கிறது, டாலர் இல்லை என்கிறார்கள்" என்றார். வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்திவைப்பதாக அறிவித்தது ஏப்ரல் 12-இல். ஆகவே ஏற்றுமதி செய்ய எண்ணும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: வாங்குபவரின் வங்கியை மட்டும் நம்பாமல், மூன்றாம் நாட்டு வங்கி ஒன்றின் உறுதியையும் கேட்டுப் பெறுங்கள், ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுங்கள், முதல் சரக்கைச் சிறிதாக அனுப்புங்கள். பன்னாட்டு நிதியம் 2023 மார்ச் 20-இல் ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்ததும், கடன் கொடுத்த நாடுகள் கடனைச் சீரமைக்க ஒத்துழைப்பதாக உறுதிமொழி அளித்த பிறகுதான். அதை முதலில் அளித்தது இந்தியா. நன்கொடையால் ஒரு மாதம் சமாளிக்கலாம், நாடு நிமிர்வது கடன் சீரமைப்பால்தான் என்பது என் கருத்து.

கீரிப்பாறை ஆசிரியை:
ஐயா, விளக்கத்துக்கு நன்றி. பாட்டி கேட்டது தோட்டத்து லயத்தைப் பற்றி. அதற்கு உங்கள் பதிவிலும் விடை இல்லை.

தூத்தூர், தங்குகடல் மீன்பிடித் தொழிலாளி:
இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் சிக்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்நாட்டுக்கு அரிசி எதற்கு என்று நானும் கரையில் வாய் வலிக்கப் பேசியவன்தான். அந்த ஆண்டு ஆடி மாதத்துக்குப் பிறகு, ஆழ்கடலில் இலங்கைப் படகு ஒன்று எங்களை நெருங்கி வந்தது. பேச்சு புரியவில்லை. முன்னால் நின்ற பையன், பதினெட்டு வயதிருக்கும், வெறும் டீசல் கேனைத் தலைக்கு மேல் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டும் விழவில்லை. கயிற்றில் கட்டி ஒரு கேன் டீசல் அனுப்பினோம். அதே கயிற்றில் அவர்கள் ஒரு சூரை மீனைக் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். வேண்டாம் என்று கை காட்டியும் கேட்கவில்லை. கரைக்குத் திரும்பத் தேவையானதைவிட அதிகமான டீசல் எங்கள் படகில் இருந்தது. இரண்டாவது கேனைக் கொடுக்கலாமா என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.