பனையோலைக் கிலுகிலுப்பை: மூலை பிரியாமல் முடிப்பது எப்படி?

4, 5 மாதக் குழந்தைகள் பிடித்து ஆட்டுவதற்காகக் கிலுகிலுப்பை முடைகிறோம். நனைத்த குருத்தோலையை 1 செ.மீ. அகலத்தில் வார்ந்து பின்னி, உள்ளே கழுவிய கூழாங்கல் ஐந்தாறு போடுகிறோம். (குன்றிமணி போடச் சொல்லாதீர்கள், அது விஷம்.) ஓசை மெதுவாக வருகிறது, ஓலையின் சொரசொரப்பும் பிஞ்சு விரலுக்குப் புதுசு.

சிக்கல், வாயில் வைக்கும்போதுதான். எச்சிலில் ஊறி ஓலை உப்புகிறது. காய்ந்ததும் சுருங்கி மூலையில் இடைவெளி விடுகிறது. கல் வெளியே வந்தால் தொண்டையில் அடைத்துவிடும். இரட்டைப் பின்னல் போட்டால் ஓசை மங்குகிறது. கல்லுக்குப் பதில் விழுங்க முடியாத அளவில் மரமணி போட்டால் கூடு பெருத்து, குழந்தையின் பிடிக்குள் அடங்குவதில்லை.

வார்னிஷ், பசை இரண்டும் வேண்டாம். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் ஓலை முடைபவர்கள் கடைசி வாரை எங்கே செருகி முடிப்பீர்கள்? படம் போட்டால் இன்னும் நல்லது.