புதுப்பிப்பு: நாட்குறிப்பேடு விரிந்து படுத்துவிட்டது!

நான் கையால் செய்த நாட்குறிப்பேடு முழுதாக விரிய மாட்டேன் என்கிறது, தாள்கள் ஒன்றுசேரும் முதுகுப் பக்கம் தாள்கள் நெளிகின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. கைவினைக் கண்காட்சியில் புத்தகம் கட்டும் ஓர் அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்க்கச் சொன்னார். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த மடிப்பு ஓடும் திசைதான் தாளின் இழையோட்டம், அதாவது தாளின் நார்கள் ஓடும் திசை. அது முதுகுக்கு இணையாக இருக்க வேண்டுமாம். நான் குறுக்கே மடித்திருந்தேன். பசையின் ஈரம் பட்டதும் தாள் இழைக்குக் குறுக்காக விரியும், நெளிவு அதனால்தான்.

அப்புறம் காப்டிக் தையல் என்ற புத்தகம் கட்டும் முறைக்கு மாறினேன். 4 தாள்களைச் சேர்த்து மடித்த கட்டுகள், மெழுகு தேய்த்த நூல், சங்கிலி போல ஓடும் தையல். முதுகில் பசையே கிடையாது. இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசையில் தட்டையாகப் படுக்கிறது. அவ்வளவு சந்தோஷம்! முதல் பக்கத்தில் அந்தக் கண்காட்சியின் நுழைவுச்சீட்டை ஒட்டியிருக்கிறேன்.