புதுச் சவரக்கத்தி மூன்று நாளில் இழுக்க ஆரம்பித்துவிட்டது, அவசர உதவி!

முற்றத்து மாப்பிள்ளை:
வணக்கம். சவரக்கத்தி வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. முதல் மூன்று நாள் மழித்தது சுகமோ சுகம். கத்தி கன்னத்தில் இறங்கும்போது காய்ந்த ஓலையில் நகத்தை ஓட்டினாற்போல் சர்ரென்று ஒரு மெல்லிய சத்தம். முடி போனதே தெரியவில்லை. இருபது வருஷமாக பிளேடு ரேசரில் சுரண்டிக்கொண்டு ஓடியதை நினைத்து வருத்தமாகிவிட்டது. நான்காம் நாள் சத்தமே இல்லை. முடியைப் பிடித்து இழுக்கிறது, மோவாயில் இரண்டு இடத்தில் ரத்தம். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் கல்யாணம். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கொப்புடையான்:
எந்தக் கத்தி? சலூனில் பாதி பிளேடு சொருகுவார்களே, அதுவா? அதுவானால் பிளேடை மாற்றுங்கள், கதை முடிந்தது.

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, எந்த ஊரில் இருக்கிறீர்கள்? போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? பதில் வந்ததும் சொல்கிறேன், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பழைய வாள்:
இதே கேள்விக்கு இங்கே பத்துத் தடவை எழுதியாயிற்று. மேலே தேடல் பெட்டி அழகுக்கு வைக்கவில்லை. கத்தி என்ன, அகலம் என்ன, எத்தனை டிகிரியில் பிடித்தீர்கள், எதுவும் கிடையாது. 'இழுக்கிறது' என்றால் மாடா இழுக்கிறது?

முற்றத்து மாப்பிள்ளை:
மன்னிக்கவும். பிளேடு சொருகும் கத்தி இல்லை, தீட்டிப் பிடிக்கும் முழுக் கத்தி. கழுத்தில் சோலிங்கன் என்று பொறித்திருக்கிறது. அகலம் 5/8 அங்குலம். முதல் மூன்று நாள் காரைக்குடி வீட்டில். நான்காம் நாள் காலையில் கானாடுகாத்தான் வந்துவிட்டேன், இங்கே போர் தண்ணீர்.

தேவகோட்டைத் தம்பி:
சொன்னேனா இல்லையா! தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும், நுரை நிற்காது. நுரை இல்லாமல் கத்தி வைத்தால் இழுக்காமல் என்ன செய்யும்?

பழைய வாள்:
சோலிங்கன் என்று போட்டிருந்தால் ஆயிற்றா? கத்திக்குப் பேர்போன அந்த ஊரின் பெயரை யாரும் கண்டபடி பொறிக்கக் கூடாதென்று ஜெர்மனியில் 1938இலேயே சட்டம் போட்டார்கள். அது இரும்புக்கு உத்தரவாதம், கூருக்கு இல்லை. ஆலையிலிருந்து வருவது பெரும்பாலும் பாதிக் கூர். 1000 எண் தீட்டுக்கல்லில் வாய் (கூர் விளிம்பு) எடுத்து, அதைவிட நைசான 8000இல் மெருகேற்றி, 12000இல் முடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஐந்து பிளேடு ரேசரோடு இருப்பதே நல்லது.

கொப்புடையான்:
பாதிக் கூர் என்றால் முதல் மூன்று நாள் எப்படி வெட்டியது வாத்தியாரே?

பள்ளத்தூர் பேரன்:
கத்திக்கு ஓய்வு கொடுத்தீர்களா? தினமும் ஒரே கத்தி கூடாது. முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் ஏழு கத்தி கொண்ட பெட்டி பார்த்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமை பொறித்திருந்தது. பர்மாவிலிருந்து வந்ததாம், கடைக்காரர் சொன்னது. விலையைக் கேட்டதும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கொப்புடையான்:
தம்பி சொல்லும் தண்ணீர் விஷயத்தில் ஒன்று உண்மை. எங்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரில் சோப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், வெண்ணெய் மாதிரி நுரை. காரைக்குடியில் மழித்தவன் வேறு ஊரில் மழிக்க மாட்டான்.

தேவகோட்டைத் தம்பி:
ஆரம்பித்துவிட்டீர்களா? நாங்கள் என்ன சாக்கடையிலா முகம் கழுவுகிறோம்? ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் எங்களுடையது.

பள்ளத்தூர் பேரன்:
இரண்டுமே மழைத்தண்ணீருக்குக் கால்தூசி. ஓட்டில் விழுந்து முற்றத்தில் இறங்கும் தண்ணீரை எங்கள் அப்பத்தா அண்டாவில் பிடித்து வைப்பார்கள். பருப்பு வேகவும் அதுதான், ஐயா சவரம் செய்யவும் அதுதான்.

கொப்புடையான்:
இப்போது மழைக்கு எங்கே போவார் அவர்? ஞாயிறு கல்யாணம்.

துரு மாமா:
கத்தியை எங்கே வைக்கிறீர்கள்? குளியலறையிலா? சாதாரண எஃகுக் கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. கண்ணுக்குத் துரு தெரிவதற்குள் கூர் போய்விடும். துடைத்து, தையல் மிசின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். துருவையும் ஆராயும் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை 1953இல் திறந்த காரைக்குடிக்காரர் ஈரத்தோடு மடக்கி வைக்கலாமா?

தீட்டுக்காரர் மகன்:
எல்லாரும் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள். அண்ணே, தோல் வாரில் தீட்டினீர்களா? எந்த வாரில், எப்படி, எப்போது?

முற்றத்து மாப்பிள்ளை:
ஆமாம், அதைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஐயாவின் பழைய இடுப்பு பெல்ட்டைக் கதவுக் கொண்டியில் மாட்டித் தீட்டினேன். அதுதான் முதல் தடவை. கத்தி வாயை முன்னால் வைத்து, அரிவாள் தீட்டுவதுபோல், முப்பது தடவை.

பழைய வாள்:
ஐயோ!

தீட்டுக்காரர் மகன்:
கிடைத்துவிட்டது. எங்கள் அப்பா சலூன் வைத்திருந்தவர், உள்ளங்கையிலேயே தீட்டுவார். கல்லில் வாய் முன்னால் போகும். தோலில் முதுகுதான் முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். மாற்றிச் செய்தால் வாய் தோலை வெட்டும், கூர் மழுங்கும். பெல்ட் தொய்ந்திருந்தாலும் கூர் உருண்டுவிடும். கோடியில் திருப்பும்போது முதுகைத் தோலில் வைத்தே புரட்டுங்கள், வாயை ஊன்றி ஒருபோதும் புரட்டாதீர்கள்.

இப்போதைக்கு: எவர்சில்வர் பாலிஷ் போடும் பச்சைக் கட்டி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வழவழப்பான அட்டையில் லேசாகப் பூசி, மேஜையில் ஒட்டி, முதுகு முன்னால் போக, முதுகும் வாயும் இரண்டும் படியும்படி பதினைந்து தடவை. கையின் கனமே போதும், அழுத்தாதீர்கள். பிறகு சுத்தமான தோலில் நாற்பது. கை முடிக்கு மேலே கத்தியை ஓட்டிப் பாருங்கள், தோலைத் தொடாமலே முடி துண்டானால் சரி. மழிக்கும்போது கத்தியைப் படுக்க வையுங்கள், முப்பது டிகிரி அளவுக்கு.

தண்ணீர் மாறியதும் நான்காம் நாள்தான், வாரில் தீட்டியதும் அதற்கு முந்தின ராத்திரிதான். சந்தேகம் இருந்தால் அதே போர் தண்ணீரில் சலூன் பிளேடால் ஒரு கன்னம் மழித்துப் பாருங்கள். அது வெட்டினால் குற்றம் தண்ணீரில் இல்லை.

தேவகோட்டைத் தம்பி:
இருந்தாலும் தண்ணீருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

பழைய வாள்:
நான் அப்போதே சொன்னேன், பொறுமை வேண்டும் என்று. கல்லில் எடுப்பதே முறையான வழி. அட்டை, பச்சைக் கட்டி எல்லாம் தற்காலிகம்.

கொப்புடையான்:
அவருக்கும் ஞாயிறு வரைதானே வேண்டும்.

பள்ளத்தூர் பேரன்:
கல்யாணத்தன்று ரத்தம் வந்தால் படிகாரக் கல்லை ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். எரியும், ஆனால் நின்றுவிடும்.

முற்றத்து மாப்பிள்ளை:
பச்சைக் கட்டி கிடைத்தது. அட்டையில் பதினைந்து, வேறு பெல்ட்டில் நாற்பது. இன்று காலை மழித்தேன், சத்தம் திரும்பி வந்துவிட்டது! இடது கன்னத்தில் மட்டும் கை பழகவில்லை. வாசலில் பந்தல் போடுகிறார்கள், பிறகு வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, எந்தத் தண்ணீரில் மழித்தீர்கள் என்று சொல்லவே இல்லையே?

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே?