சின்ன வயதில் எப்படி வளர்ந்தோமோ அப்படித்தான் போனையும் பயன்படுத்துகிறோமா?

தாம்வே_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் தாம்வே பக்கம் இருக்கிறோம், மகளுக்கு எட்டு வயது. கொஞ்ச நாளாக ஒரு விஷயம் மனதைக் குடைகிறது. இங்கே மூத்தவர்களும் இருக்கிறீர்கள், இளம் பிள்ளைகளும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகப் போனைப் பயன்படுத்துகிறோம். என் பெரிய அண்ணனுக்கு 48 வயது. வியாபாரக் கணக்கெல்லாம் மனதிலேயே போடுகிற ஆள். ஆனால் போனில் தெரியாத ஒரு பொத்தானைத் தொடச் சொன்னால் கையை எடுத்துக்கொள்வார், ஏதாவது ஆகிவிடும் என்பார். சித்தப்பா மகனுக்கு 21. அவன் விரல் போகிற வேகத்துக்கு நம் கண் ஓடாது, ஆனால் ஃபேஸ்புக்கில் எது வந்தாலும் நம்பி உடனே வீட்டு வைபர் குழுவில் போட்டுவிடுவான். என் மாமியாருக்கு எழுத்தே தெரியாது, பர்மியமும் சரி, தமிழும் சரி. மோசடி அழைப்பு வந்தால் எங்கள் வீட்டிலேயே அசராதவர் அவர்தான். நீ யார் வீட்டுப் பிள்ளை, உன் அம்மா பேர் என்ன, எந்த ஊர்க் கோயில் உங்களுக்கு என்று கேட்டுக் கேட்டே எதிராளியைப் போனை வைக்கச் செய்துவிடுவார்.

இதில் எவ்வளவு சின்ன வயதிலிருந்து வந்தது? என் வீட்டுக்காரர் மகளுக்குப் 15 வயது வரை போனே கூடாது என்கிறார். கொழுந்தனார் கொடுத்துவிடுங்கள், தானே கற்றுக்கொள்வாள் என்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

சிம்கடை_அண்ணன்:

தங்கச்சி, உங்கள் அண்ணனைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் அவர் வயதுக்காரன்தான், ரங்கூனில் போன் கடை நடத்தியவன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டிலிருந்த ரேடியோவை அப்பா மட்டும்தான் தொடலாம், மேலே துணி போட்டு மூடியிருக்கும். போன் பேச வேண்டுமானால் தெருமுனைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மேசையில் போனை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார். எண்களைக்கூட அவரே சுற்றித் தருவார், நாம் தொட வேண்டியதில்லை. அப்புறம் மொபைல் வந்தது, சிம்கார்டு விலை நம் பர்மியப் பணத்தில் 20 லட்சம் சாட்டுக்கு மேல். அந்த விலையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு யாராவது இதை அழுத்தினால் என்ன ஆகும் என்று விளையாடுவார்களா? இளமை முழுக்கத் தொடாதே, உடைத்துவிடுவாய் என்று கேட்டே வளர்ந்த கைக்கு, தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிற பழக்கம் நாற்பது வயதில் வராது. மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2014இல் ஊரிடு, டெலிநார் என்ற வெளிநாட்டுப் போன் கம்பெனிகள் வந்து சிம்கார்டை 1,500 சாட்டுக்கு விற்க ஆரம்பித்தார்கள். கடைக்கு வந்த கூட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, ஈமெயில் என்றால் என்னவென்று கேட்டதில்லை, நேராக ஸ்மார்ட்போனுக்கு வந்து இறங்கினார்கள். கடைக்காரரே ஃபேஸ்புக் கணக்கு தொடங்கிக் கொடுப்பார், பாஸ்வேர்டைப் போன் அட்டைப்பெட்டியின் பின்னால் எழுதித் தருவார், பல கடைகளில் கடையின் ஈமெயிலையே போட்டுவிடுவார்கள். இன்டர்நெட் வேறு, ஃபேஸ்புக் வேறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. அதனால் உங்கள் அண்ணன் பயப்படுகிறார் என்று யாரும் சிரிக்க வேண்டாம், அவரை ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்றும் உடையாது, தப்பாகப் போனால் திரும்பி வர வழி இருக்கிறது என்று செய்து காட்டுங்கள்.

பழைய_ரங்கூன்காரர்:

மேலே தம்பி சொன்னது கையைப் பற்றி. நான் காதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சித்தப்பா மகனின் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது அம்மா.

நாங்கள் வளர்ந்த காலத்தில் பத்திரிகையில் தணிக்கைக்காரர்கள் வேண்டாம் என்ற பத்தியின் மேல் வெள்ளி மை பூசியிருப்பார்கள், சில சமயம் பக்கத்தையே கிழித்திருப்பார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ராத்திரி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பிபிசி பர்மிய ஒலிபரப்பு கேட்போம், விஓஏ என்ற அமெரிக்க வானொலி கேட்போம், இரண்டிலும் ஒன்றாக வந்தால் நம்புவோம். அச்சில் வந்ததை அப்படியே நம்பாதே என்ற பாடம் ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைக்கே தெரியும். இன்றைக்கு ஊடகக் கல்வி என்று பெரிய பெரிய வகுப்பு எடுக்கிறார்களே, அதில் பாதி எங்களுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அச்சை நம்பாதவன் வேறு எதை நம்புவான்? ஆளை நம்புவான். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே அறிவிப்பில் முடித்துவிட்டார்கள், மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. எங்கள் தெருவில் பெட்டிநிறைய நோட்டு வைத்திருந்தவர்கள் பெட்டியோடு உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு மச்சான் காதில் சொன்ன சேதிக்கு இருந்த மதிப்பு எந்தச் செய்தித்தாளுக்கும் இருந்ததில்லை. உறுதியாகட்டும் என்று காத்திருந்தவன் நஷ்டப்பட்டான் என்று எல்லாரும் மனதில் போட்டுக்கொண்டார்கள். 2003இல் வதந்தி கிளம்பியதும் தனியார் வங்கிகளின் வாசலில் கூட்டம் நெரிந்ததும் அதனால்தான்.

ஃபேஸ்புக் வந்தபோது என்ன ஆயிற்று? அது செய்தித்தாள் மாதிரி வரவில்லை, மச்சான் முகத்தோடு வந்தது. மாமா போட்டார், பக்கத்து வீட்டு அக்கா போட்டார். எந்தச் சேதிக்கு நாங்கள் கதவைத் திறந்தே வைத்திருந்தோமோ அந்த வழியாகத்தான் பொய்யும் வெறுப்பும் உள்ளே வந்தன. 2017இல் இந்த நாட்டில் ரோஹிங்கியா மக்களுக்கு நடந்ததும் அதில் ஃபேஸ்புக் பதிவுகளுக்கு இருந்த பங்கும் உலகத்துக்கே தெரியும், நம் ஆட்களும் அந்தப் பதிவுகளைப் பகிர்ந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. உங்கள் தம்பிக்கு 1987 தெரியாது. ஆனால் அவன் வளர்ந்த வீட்டில் பெரியவர்கள் சேதியை எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்று பார்த்தே வளர்ந்திருக்கிறான்.

கடல்தாண்டிய_தம்பி:

ஐயா சொன்னது பெரும்பாலும் சரி, ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. நான் பெகுவில் பிறந்தவன், இப்போது சிங்கப்பூரில் வேலை.

21 வயதுப் பிள்ளை என்றால் தானாகவே எல்லாம் தெரியும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்? மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் 2001இல் இளைய தலைமுறையை டிஜிட்டல் நேட்டிவ், அதாவது டிஜிட்டல் உலகத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், என்று அழைத்தார், அன்றிலிருந்து அந்த எண்ணம் ஒட்டிக்கொண்டது. எஸ்டர் ஹர்கிட்டை என்ற ஆய்வாளர் சிகாகோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களை ஆராய்ந்து 2010இல் எழுதினார். எல்லாரும் ஒரே வயது, எல்லாரும் இன்டர்நெட்டோடு வளர்ந்தவர்கள், ஆனாலும் அவர்களுக்குள் திறமையில் ஏகப்பட்ட வித்தியாசம். படித்த பெற்றோரின் பிள்ளைகள் மேலே இருந்தார்கள். வயது ஒன்றும் செய்யாது அக்கா, கூட யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் கணக்கு.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பள்ளி முடிந்ததும் இன்டர்நெட் கடைக்குப் போய் ஜிடாக் என்ற கூகுள் அரட்டையில் பேசுவேன், கேம் ஆடுவேன். பாதி இணையதளங்கள் திறக்காது, கடை அண்ணன்தான் தடையைச் சுற்றிப் போகிற பிராக்ஸி போட்டுத் தருவார். ஒருநாள் அவரிடம் இது ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் சும்மா திறந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை, நடுவில் யார் இருக்கிறார்கள், நம் கோரிக்கை எந்த வழியாகப் போகிறது, யார் அதைப் பார்க்க முடியும் என்று பேனாவால் வரைந்து காட்டினார். எனக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். 2021 பிப்ரவரியில் ராணுவ ஆட்சி ஃபேஸ்புக்கை முடக்கியதும் அதே மாதிரி தடையைத் தாண்ட ஊரே விபிஎன் ஆப் தேடி அலைந்தது, கண்ணில் பட்ட இலவச ஆப்பையெல்லாம் இறக்கினார்கள், நான் அம்மாவிடம் போனில் முதலில் சொன்னது அந்த ஆப் யாருடையது என்று பார்க்காமல் இறக்காதே என்பதுதான். அந்தக் கேள்வி எனக்கு வந்தது அந்தப் படத்தினால். அதே கடையில் என்னோடு உட்கார்ந்து கேம் மட்டும் ஆடிய என் சிநேகிதர்களுக்கு அது வரவில்லை, அவர்கள் என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்வார்கள்.

அதனால் உங்கள் கொழுந்தனார் சொல்கிற தானே கற்றுக்கொள்வாள் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மோல்மேன்_சயாமா:

நான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன், வார நாட்களில் டியூஷன். பிள்ளைகளோடுதான் என் நாள் முழுக்கப் போகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தை யாரும் சொல்லவில்லையே! நம் நாட்டில் பாடம் என்றால் வகுப்பே சேர்ந்து உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வது. ஆசிரியரைப் புத்தருக்கும் தர்மத்துக்கும் சங்கத்துக்கும் பெற்றோருக்கும் இணையாக வைத்து வணங்குகிற மரபு, அதில் அழகு இருக்கிறது, நானும் அந்த வணக்கத்தைப் பெறுகிறவள்தான். ஆனால் சயாமா (டீச்சர்), அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று ஒரு பிள்ளை கேட்டால் மரியாதை இல்லாதவன் என்று பெயர் வந்துவிடும். பத்து வருடம் அப்படி உட்கார்ந்த பிள்ளையிடம் திடீரென்று போனைக் கொடுத்து, இதில் வருவதை எல்லாம் கேள்வி கேள் என்றால் எங்கிருந்து கேட்பான்? தாம்வே அம்மாவின் தம்பி விஷயத்தில் வீட்டைவிட வகுப்பறைக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

மாமியாரைப் பற்றிப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். எழுத்து இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு ஆளை எடை போடுகிற பயிற்சி சின்ன வயதிலேயே கிடைத்துவிடுகிறது, கடன் கொடுப்பதும் பெண் கொடுப்பதும் வாய்ப்பேச்சிலேயே நடந்த வீடுகள் அவை. குரலில் வருகிற ஏமாற்று அவரிடம் பலிக்காது. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரரின் கணக்கையே யாராவது திருடி, அவர் படத்தோடு, அவர் பெயரோடு, அவசரமாகப் பணம் அனுப்பு என்று செய்தி போட்டால், நீ யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள். பணம் என்று வந்தால் யாராக இருந்தாலும் திருப்பி அழைத்துப் பேசிய பிறகுதான் என்று அவருக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லி வையுங்கள், அவர் பிடித்துக்கொள்வார்.

இனி மகள் விஷயம். எட்டு ஐரோப்பிய நாடுகளில் பெற்றோரிடம் நடத்தி 2017இல் வெளியான ஒரு ஆய்வு உண்டு, சோனியா லிவிங்ஸ்டனும் மற்றவர்களும் செய்தது. தடுத்தே வளர்த்த பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு, ஆனால் கற்றுக்கொள்கிற வாய்ப்பும் குறைவு. கூட இருந்து பேசி வழிகாட்டிய வீடுகளில் வாய்ப்பு அதிகம், ஆபத்தும் கூடவே வருகிறது. இரண்டாவது வழியில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் 15 வயதில் முதல்முறையாக இறங்குகிற பிள்ளைக்கு அப்போது உங்கள் பேச்சைக் கேட்கிற வயது தாண்டியிருக்கும்.

என் வகுப்பில் செய்வது இது. ஒரு பதிவைக் காட்டுவேன், உண்மையா பொய்யா என்று கேட்க மாட்டேன், இதை யார் போட்டது என்று மட்டும் கேட்பேன். பதிவிலேயே கண்ணை வைத்துக்கொண்டு தேடக் கூடாது, அதை விட்டு வெளியே வந்து அந்தப் பெயரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்டான்போர்டில் செய்தி சரிபார்ப்பவர்களையும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் ஒப்பிட்டபோது, பேராசிரியர்கள்கூடப் பக்கத்தின் அழகில் ஏமாந்தார்கள், சரிபார்ப்பவர்கள் சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து வேறு இடத்தில் தேடினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே வருகிறது.

இன்னொன்று, மகளுக்குத் தமிழ் படிக்கக் கற்றுக் கொடுங்கள். 1960களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு நம்மில் பலர் தமிழைப் பேச மட்டும் தெரிந்து வளர்ந்தோம். ஒரு சேதியைப் பர்மியத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பார்க்க முடிகிற பிள்ளைக்கு இரண்டு ஜன்னல் கிடைக்கிறது. வாய்ஸ் மெசேஜை மட்டும் நம்பியிருப்பவர்களால் எதையும் தேடிப் பார்க்க முடிவதில்லை.

தாம்வே_அம்மா:

சயாமா, ஐயா, அண்ணே, தம்பி, எல்லோருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன், 15 வயது என்பதை விட்டுவிட்டார், ஆனால் தனிப் போன் வேண்டாம், கூடத்தில் எல்லார் முன்னாலும் என் போனில்தான் என்கிறார். அது எனக்குச் சம்மதம். மாமியாரையும் மகளையும் சேர்த்து உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன், ஒருத்தி படிக்கட்டும், ஒருத்தர் கேள்வி கேட்கட்டும்.

சிம்கடை அண்ணே, ஒரு சந்தேகம். எங்கள் அண்ணன் கணக்கும் 2014இல் கடையில்தான் தொடங்கியது. அது எந்த ஈமெயிலில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

சிம்கடை_அண்ணன்:

அதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள் தங்கச்சி. செட்டிங்ஸில் தொடர்பு விவரம் என்று இருக்கும், அங்கே அவர் எண்ணையும் அவருக்கென்று ஒரு புதிய ஈமெயிலையும் சேர்த்து உறுதிசெய்த பிறகு பழையதை எடுத்துவிடுங்கள், முதலிலேயே எடுத்துவிட்டால் வெளியே மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் பாஸ்வேர்டு. அதை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள், பக்கத்தில் மட்டும் உட்காருங்கள், அவர் விரலாலேயே அழுத்தட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.