மறு: ‘சைடு பிராஜெக்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வேலைக்கு வெளியே, சொந்த நேரத்தில் நாமாக எழுதும் நிரலை ‘சைடு பிராஜெக்ட்’ என்கிறோமே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அலுவலகத்தில் மென்பொருள் ரிலீஸ் நேரம் என்பதால் எழுத முடியவில்லை. இப்போது மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> ‘பக்கத்திட்டம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியாது ஐயா. பக்கம் என்றால் முதலில் புத்தகப் பக்கம், அப்புறம் இணையப் பக்கம். பக்கவாத்தியம் என்கிறோமே என்று கேட்பீர்கள். பக்கவாத்தியம் அதே மேடையில், அதே பாட்டுக்கு வாசிப்பது. நான் பகலில் எழுதும் நிரலுக்கும் ராத்திரி எழுதும் நிரலுக்கும் அப்படி எந்தச் சுருதியும் சேராது.

‘திட்டம்’ அதைவிட உறுத்துகிறது. திட்டம் என்றால் முன்கூட்டியே வகுத்தது, ஐந்தாண்டுத் திட்டம் மாதிரி. என்னுடையது எப்படித் தொடங்கியது தெரியுமா? கரிசல்காட்டுக் கதைகள் படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் பக்க எண்ணோடு ஒரு கோப்பில் குறித்து வைப்பேன். நானூறு சொல் சேர்ந்ததும் அகரவரிசையில் அடுக்கலாம் என்று பைத்தான் நிரல்மொழியிடம் கொடுத்தேன். ‘ந’வை அடுத்து ‘ன’ வந்து உட்கார்ந்தது, ‘ர’வை அடுத்து ‘ற’. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு தரும் எண் வரிசை அப்படி. நம் வரிசையில் ழ, ள, ற, ன நான்கும் கடைசியில் அல்லவா வரவேண்டும்? அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன்தான், எட்டு மாதமாக எழுந்திருக்கவில்லை. இதில் எங்கே திட்டம்?

> துணைத்திட்டம் / கிளைத்திட்டம்

முன்னது பெரிய திட்டத்தின் ஓர் உறுப்பு. பின்னதில் உள்ள ‘கிளை’யை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவி, ‘பிராஞ்ச்’ என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டும் வேண்டாம்.

> பொழுதுபோக்கு நிரலாக்கம்

இது தவறில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தான் எழுதிய லினக்ஸ் இயங்குதளத்தை அறிவித்தபோது, வெறும் பொழுதுபோக்கு என்றுதான் எழுதினார். ஆனால் அவர் அப்போது ஹெல்சின்கியில் மாணவர். நாம் தேடுவது, ஒரு வேலையில் இருந்துகொண்டே அதற்கு வெளியே செய்வதற்கான சொல். கிடோ வான் ராசம்தான் இங்கே பொருந்துவார். 1989 கிறிஸ்துமஸ் வாரம் ஆம்ஸ்டர்டாமில் அலுவலகம் மூடியிருக்கும், வீட்டில் கணினி இருக்கிறது, பொழுதுக்கு ஏதாவது எழுதலாம் என்று ஆரம்பித்ததுதான் பைத்தான். நம் பக்கத்தில் என்றால், தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பேரிலேயே ‘திட்டம்’ இருக்கிறதே என்று மடக்காதீர்கள், அது நிஜமாகவே திட்டம் போட்டுச் செய்தது!

> ஊடுபயிர்

இந்தச் சொல்லைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். தென்னைக்கு நடுவே வாழை, கடலைக்கு நடுவே துவரை. அழகான சொல். ஆனால் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. ஊடுபயிர் அதே நிலத்தில், அதே தண்ணீரில் விளைவது. நிலம் யாருடையது? பணியின் போக்கில் உருவாக்கிய படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே உரியது என்கிறது 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. என் பழைய நிறுவனம் ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போய், பணிக்காலத்தில் எழுதும் எல்லா நிரலும் எங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வைத்திருந்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் வீட்டில் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். ஊடுபயிர் என்று நாமே பேர் வைத்தால் வழக்கில் எதிர்த்தரப்புக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அலுவலக நேரத்திலேயே, அலுவலகச் சம்மதத்தோடு செய்வதற்கு வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: சிறுவாடு.

வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் அஞ்சும் பத்துமாக மிச்சம் பிடித்து, அம்மா கடுகு டப்பாவில் போட்டு வைப்பாளே, அதுதான். யாருக்கும் கணக்குக் காட்டவேண்டாம். அவளுடையது, அவளுடையது மட்டும். நாம் பணத்துக்குப் பதில் நேரத்தைச் சேர்க்கிறோம், பிள்ளை தூங்கின பிறகு அரைமணி, மின்சார ரயிலில் இருபது நிமிடம். ‘இது என் சிறுவாடு’ என்று தனியாகவும் நிற்கும். சிறுவாட்டு நிரல், சிறுவாட்டுச் செயலி என்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நாலே எழுத்து. (பைத்தானிடம் நீளம் கேட்டால், மெய்யேறிய குறிகளையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்று சொல்லும். அந்த வழக்கை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.)

– – –

மறுநாள் காலை, ஐயாவின் பதிலுக்கு:

> சிறுவாடு ஒளித்து வைப்பது. நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் முதல் நாளே ஊரறியப் போட்டுவைப்பதை எப்படி அந்தப் பேரால் அழைப்பீர்? நிரலில் வரும் பிழைக்கு (‘பக்’) வைத்த ‘வழு’வைப் போல இலக்கணத்தில் வேர் உள்ள சொல்லாகப் பாரும்.

நியாயமான கேள்வி ஐயா. ஒளித்து வைப்பது நேரத்தைத்தான், நிரலை அல்ல என்பது என் வாதம். எந்த நேரத்தில் எழுதினாய் என்று மேலாளர் கேட்டால் இன்றும் திருதிருவென்றுதான் விழிக்கிறோம். அப்புறம், சிறுவாடு கடைசிவரை டப்பாவிலேயே இருப்பதில்லையே. எனக்குக் கல்லூரியில் முதல் பருவக் கட்டணம் கட்டியது அம்மாவின் சிறுவாடுதான்.

‘வழு’ நல்ல சொல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தவறுதான், ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்கிறோம் என்பதற்கு இலக்கணத்தில் ‘வழுவமைதி’ என்றுகூட இருக்கிறது. எங்கள் குழுவில் சரிசெய்யாமல் மூடிவைத்த வழுக்களுக்கெல்லாம் அந்தப் பேரைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் நன்னூலில் வேர் தேடினால், அடுக்களையில் கிடக்கும் சொல்லை யார் எடுப்பது?

ஈழத்து நண்பர்களும் மலேசிய நண்பர்களும் உங்கள் வீட்டில் இதற்கு என்ன பேர் என்று சொல்லுங்கள். வேறு பேர் இருந்தால் அதையும் சேர்த்தே விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுகிறேன். ஞாயிறு வரை பார்க்கிறேன். இப்போது ஒன்பதரைக்கு குழுவின் ஸ்டாண்ட்அப் கூட்டம், கிளம்புகிறேன்.